காருக்கு ஒரு பிரதி, காப்புக்கு ஒரு பிரதி

இராணிப்பேட்டை மாவட்டம், நெமிலி வட்டத்தைச் சேர்ந்த பனப்பாக்கத்தில் ரூ.9,000 கோடி முதலீட்டில் டாடா மோட்டார்ஸ் நிறுவனத்தின் கார் தொழிற்சாலைக்கு 2024 செப்டம்பர் 28-ஆம் தேதி அடிக்கல் நாட்டப்பட்டது. தோலுக்கும் காலணிக்கும் பெயர்பெற்ற ஒரு வட்டாரம் இனிக் காருக்கும் பெயர்பெறப் போகிறது. ஆனால், இப்பகுதிச் சாலைகளில் கார் ஏற்கெனவே அன்றாடப் பொருளாகிவிட்டது. நெமிலியில் புறப்பட்டு, பனப்பாக்கம் வழியே சென்னை - பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையை அடைந்து, காவேரிப்பாக்கம், வாலாஜாபேட்டை, வேலூர் ஆகியவற்றைக் கடந்து ஆம்பூர் செல்பவருக்கு அது இரண்டு மணி நேரத்துக்குக் குறையாத பயணம். அந்த இரண்டு மணி நேரத்துக்கும் துணை, பெரும்பாலும், கார் ஸ்டீரியோவில் செருகப்பட்ட ஒரு பென்டிரைவ்தான்.

அந்தப் பென்டிரைவில் பாடல்களை எந்த வடிவில், எந்தத் தரத்தில் வைத்திருப்பது என்ற கேள்வி அற்பமானதுபோலத் தோன்றும். எம்பி3 போதுமா, ஃபிளாக் வேண்டுமா? 128 கிலோபிட்டா, 320 கிலோபிட்டா? கைப்பேசிக் கடையில் பாட்டு ஏற்றித் தருபவர் ஒன்று சொல்வார். கார் துணைப்பொருள் விற்பவர் வேறொன்று சொல்வார். உண்மையில் இங்கே இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. ஓடும் காரில் கேட்பதற்கு எது போதும் என்பது ஒன்று. நம் கையில் உள்ள ஒலியை அழியாமல் காப்பதற்கு எது வேண்டும் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கான விடை நாம் நினைப்பதைவிடக் குறைவு. இரண்டாவதற்கான விடை நாம் நினைப்பதைவிட அதிகம். இவற்றைக் குழப்பிக்கொள்வதால் தேவையற்ற இடத்தில் பணத்தைச் செலவிடுகிறோம். திரும்பக் கிடைக்காத ஒலிகளை இழந்தும் வருகிறோம்.

எண்களின் பொருள்

குறுந்தகட்டில் ஒலி எவ்வாறு பதிவாகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். 1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தகடு, ஒலியலையை விநாடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட் எண்ணாகக் குறித்து வைக்கிறது. இடம், வலம் என இரண்டு தடங்கள். பெருக்கிப் பார்த்தால் விநாடிக்கு ஏறத்தாழ 1,411 கிலோபிட். ஐந்து நிமிடப் பாடல் ஒன்றுக்கு ஏறத்தாழ 53 மெகாபைட் இடம் வேண்டும். 44,100 என்ற எண்ணுக்குக் காரணம் உண்டு. மனிதச் செவி உணரக்கூடிய உச்ச அதிர்வெண் ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ். ஓர் அதிர்வெண்ணைப் பிழையின்றிப் பதிவுசெய்ய, அதன் இருமடங்குக்கு மேற்பட்ட வேகத்தில் அளக்க வேண்டும் என்பது கணித விதி.

1990-களின் இணைய இணைப்புகளும் கணினி வட்டுகளும் இவ்வளவு பெரிய கோப்புகளைத் தாங்கக்கூடியவையாக இல்லை. ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் உள்ள ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தில் காரல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இதற்கு விடை தேடினார்கள். அவர்கள் ஆராய்ந்தது ஒலியை மட்டுமன்று; கேட்கும் செவியையும்தான். கோயில் திருவிழாவில் தவில் முழங்கும் நேரத்தில், அருகில் நிற்பவர் மெல்லச் சொல்வது நம் காதில் விழுவதில்லை. உரத்த ஒலி ஒன்று, தன் அதிர்வெண்ணுக்கு அண்மையில் உள்ள மெல்லிய ஒலிகளை மறைத்துவிடுகிறது. அவ்வாறு மறையப்போகும் ஒலிகளை முன்கூட்டியே கணித்து, அவற்றை நீக்கியோ மேலோட்டமாகக் குறித்தோ இடத்தை மிச்சப்படுத்துவதுதான் எம்பி3-இன் அடிப்படை. அமெரிக்கப் பாடகி சூசன் வேகா பக்க இசையின்றிப் பாடிய ஒரு பாடலைக்கொண்டு இம்முறையைப் பலமுறை சோதித்துச் சீர்செய்தார்கள். தனிக்குரலில் நேரும் சிறு சிதைவையும் செவி உடனே கண்டுகொள்ளும் என்பதே காரணம். 1995 ஜூலை 14-இல் இக்கோப்புகளுக்கு எம்பி3 என்ற பின்னொட்டு முடிவாயிற்று.

கிலோபிட் எண் சொல்வது இதைத்தான்: ஒரு விநாடி ஒலியைக் குறிக்க எவ்வளவு தரவு ஒதுக்கப்படுகிறது என்பதை. 128 கிலோபிட் என்றால் குறுந்தகட்டின் பதினொன்றில் ஒரு பங்கு. 320 என்றால் கால் பங்குக்கும் சற்றுக் குறைவு. 1997-இல் தரப்படுத்தப்பட்ட ஏஏசி, அதே எண்ணில் எம்பி3-ஐவிடச் சற்று நன்றாக ஒலிக்கும். 2001-இல் வந்த ஃபிளாக் வேறு வகை. அது எதையும் நீக்குவதில்லை. மடித்து அடுக்கிய துணியை மீண்டும் விரிப்பதுபோல, மூல ஒலியை அப்படியே திருப்பித் தரும். கோப்பின் அளவு பெரும்பாலும் பாதியிலிருந்து முக்கால் பங்கு வரை இருக்கும்.

இங்கே நினைவில் நிறுத்த வேண்டிய உண்மை ஒன்று உண்டு. ஆம்பூர், பேரணாம்பட்டுத் தோல் தொழிலாளர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. ஒருமுறை சீவி மெல்லியதாக்கிய தோலுக்கு அதன் பழைய கனத்தை மீண்டும் கொடுக்க முடியாது. அதுபோலவே, 128 கிலோபிட் கோப்பை 320 கிலோபிட்டாக மாற்றினால் கோப்பு பெருக்குமே தவிர, நீங்கிய ஒலி திரும்பாது. மாறாக, மறுபடியும் ஒரு சீவல் விழும். கோப்பின் பெயரில் 320 என்று எழுதியிருப்பதாலேயே அது 320 ஆகிவிடாது. ஒலியின் அதிர்வெண்களைப் படமாகக் காட்டும் இலவச மென்பொருள்கள் உள்ளன. 16,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எல்லாமே ஒரே கோட்டில் வெட்டுப்பட்டிருந்தால், அது பழைய 128 கிலோபிட் கோப்பை ஊதிப் பெருக்கியதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். உரிமமின்றிப் பாடல்களைப் பிரதியெடுத்து விற்பது 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறமிருக்க, அப்பிரதிகளின் மூலம் எதுவென்று விற்பவருக்கே தெரியாது என்பதும் அவற்றைத் தவிர்க்கப் போதிய காரணம்.

ஓடும் காருக்குள்

கார் என்பது அமைதியான அறை அன்று. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு நெடுஞ்சாலை வேகத்தில் செல்லும் சாதாரணக் காருக்குள்ளும் சக்கரம், காற்று, எஞ்சின் ஆகியவற்றின் இரைச்சல் ஏறத்தாழ 70 டெசிபல் அளவுக்கு இருக்கும். எம்பி3 எந்த விதியைக்கொண்டு மெல்லிய ஒலிகளை நீக்கியதோ, அதே விதிப்படி சாலை இரைச்சல் இன்னும் பல மெல்லிய ஒலிகளை மறைத்துவிடுகிறது. வீட்டில் நல்ல ஒலிபெருக்கியில் உணரத்தக்க 256 கிலோபிட்டுக்கும் ஃபிளாக்குக்கும் இடையிலான நுண்ணிய வேறுபாடு, காவேரிப்பாக்கம் தாண்டும்போது சக்கர ஒலியில் கரைந்துபோகும்.

ஆயினும் 128 கிலோபிட் எல்லாவற்றுக்கும் போதும் என்று சொல்லிவிட முடியாது. ஜால்ரா, சலங்கை போன்றவற்றின் உயர் அதிர்வெண் ஒலிகள் அந்த அளவில் கரகரத்து, நீர் சலசலப்பதுபோல் ஆகிவிடும். தவில், மிருதங்கம், பறை ஆகியவற்றின் கூர்மையான அடிகளுக்குச் சற்று முன்னரே ஒரு மங்கிய இரைச்சல் எழுந்து, அடியின் கூர்மையை மழுக்கும். நம் இசையில் தாளக் கருவிகளுக்குள்ள இடத்தை எண்ணிப் பார்த்தால் இது சிறு குறையன்று. ஆகவே, இரு தட ஸ்டீரியோ பாடல்களுக்கு 192 முதல் 256 கிலோபிட் வரையிலான எம்பி3 அல்லது ஏஏசி, காருக்குப் போதுமானது. இடம் இருந்தால் 320-உம் வைக்கலாம். 32 ஜிபி பென்டிரைவில் ஐந்து நிமிடப் பாடல்கள் 320 கிலோபிட்டில் ஏறத்தாழ 2,600 அடங்கும். ஃபிளாக்கில் ஏறத்தாழ ஆயிரம்தான் அடங்கும். அந்தக் கூடுதல் தரவைக் கேட்கும் வாய்ப்பைச் சாலை தருவதில்லை.

பழைய பாடல்களுக்குக் கணக்கு வேறு. 1960-கள் வரையிலான தமிழ்த் திரைப்பாடல்கள் பெரும்பாலும் ஒற்றைத் தடப் பதிவுகள். 1978-இல் இளையராஜா இசையில் வெளிவந்த ‘ப்ரியா’, தமிழில் ஸ்டீரியோ முறையில் ஒலிப்பதிவான தொடக்ககாலப் படங்களுள் ஒன்று. ஒற்றைத் தடப் பாடலை மோனோவாகவே சேமித்தால், ஒதுக்கிய தரவு முழுவதும் அந்த ஒரு தடத்துக்கே பயன்படும்; 128 கிலோபிட்டே நிறைவாக இருக்கும். அதற்காக, பழைய பதிவுதானே என்று 64 கிலோபிட்டுக்குக் குறைத்துவிடக் கூடாது. இசைத்தட்டின் கீறல் ஒலியும் கரகரப்பும் ஒழுங்கற்றவை. அவற்றைச் சுருக்குவது கடினம். அவை தரவை விழுங்கிவிடுவதால், குரலுக்கு எஞ்சுவது குறைந்துபோகும்.

வடிவத்தைவிட எளிய சில ஏற்பாடுகள் காரில் கூடுதல் பயன் தரும். புளூடூத் வழியே கேட்பவர் கைப்பேசியில் ஃபிளாக் வைத்திருந்தாலும், காருக்குச் செல்லும்போது அது மீண்டும் ஒருமுறை சுருக்கப்படுகிறது. எல்லா புளூடூத் இசைக் கருவிகளிலும் கட்டாயமாக உள்ள எஸ்பிசி முறையின் வழக்கமான உச்ச அளவே 328 கிலோபிட்தான். எனவே, அதே கோப்பைப் பென்டிரைவிலோ கம்பி வழியாகவோ கேட்பது நல்லது. புளூடூத்தே வேண்டுமென்றால், கைப்பேசியின் ஒலியளவை முழுமைக்கு அருகில் வைத்து, கார் ஸ்டீரியோவில் குறைத்துக்கொள்ள வேண்டும். இணையத்திலிருந்து நேரடியாகக் கேட்பவருக்குச் செலவாகும் தரவு 128 கிலோபிட்டில் மணிக்கு ஏறத்தாழ 58 மெகாபைட். 320-இல் 144 மெகாபைட். அலைவரிசை விட்டுவிட்டுக் கிடைக்கும் கிராமச் சாலைகளில், பாடல்களை வீட்டிலேயே தரவிறக்கி வைத்துக்கொள்வது எரிச்சலைக் குறைக்கும்.

பென்டிரைவ் வேலை செய்யவில்லை என்று பழுதுபார்ப்பவரிடம் கொண்டுசெல்வதற்கு முன் ஒன்றைக் கவனிக்கலாம். பழைய கார் ஸ்டீரியோக்கள் பல, ஃபேட்32 என்ற கோப்பு அமைப்பை மட்டுமே படிக்கும். 64 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பென்டிரைவ்கள் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் அமைப்பில் வருகின்றன. தமிழ் எழுத்தில் பெயரிட்ட கோப்புகள் வெறும் கட்டங்களாகத் தெரிந்தால், கோப்பு பழுது என்று பொருளில்லை. அந்தக் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை, அவ்வளவே. கோப்புகளுக்கு எண்ணிட்டு, அடைவுகளாகப் பிரித்து வைத்தால் ஓட்டும்போது தேட வேண்டியிருக்காது. நம் நாட்டில் ஓட்டுநர் வலப்புறம் அமர்வதால் வலப்பக்க ஒலிபெருக்கி அவருக்கு மிக அருகில் இருக்கும். ஸ்டீரியோவின் சமநிலையைச் சற்றே இடப்புறம் தள்ளினால் குரல் நடுவே வந்து நிற்கும். அதற்குச் செலவு ஏதும் இல்லை.

செவியின் எல்லை

இரைச்சலை வெல்ல நாம் செய்வது ஒலியைக் கூட்டுவது. கோப்பின் தரம் எதுவாயினும் செவிக்கு ஓர் எல்லை உண்டு. பெரியவர்களுக்கு 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்பது பாதுகாப்பானது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஒலி 90 டெசிபலானால் அது வாரத்துக்கு 4 மணி நேரமாகச் சுருங்கிவிடும். கண்ணாடியைத் திறந்துவைத்து, சாலை இரைச்சலுக்கு மேலாகப் பாட்டைக் கூட்டி, நாள்தோறும் ஓட்டும் வாடகை வாகன ஓட்டுநர் அந்த 4 மணி நேரத்தை ஒரே நாளில் தாண்டிவிட முடியும். ஒருமுறை இழந்த செவித்திறன் பெரும்பாலும் மீள்வதில்லை. பின்னால் வரும் அவசர ஊர்தியின் ஒலி கேட்காமல் போவது அதைவிட உடனடியான ஆபத்து.

ஒரு பாட்டு மெல்ல ஒலிப்பதும், அடுத்த பாட்டு காதைக் கிழிப்பதும் ஓட்டுநரின் கையை அடிக்கடி ஒலியளவுக் குமிழுக்கு இழுக்கின்றன. பழைய பதிவுகளைவிட அண்மைக் காலப் பதிவுகள் மிக உரத்து அமைக்கப்படுவதே இதற்குக் காரணம். எல்லாக் கோப்புகளின் ஒலியளவையும், மீண்டும் சுருக்காமலே, ஒரு சீராக்கும் இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. பென்டிரைவைத் தயாரிக்கும்போது ஒரு முறை அதைச் செய்துவிட்டால், வழியெல்லாம் கை ஸ்டியரிங்கில் இருக்கும்.

அலமாரியில் கிடக்கும் ஒலிநாடா

இதுவரை சொன்னவை கடையில் மீண்டும் வாங்கக்கூடிய, இணையத்தில் மீண்டும் கேட்கக்கூடிய பாடல்களைப் பற்றியவை. அவற்றில் தவறினால் இழப்பு சிறிது. திரும்பக் கிடைக்காத ஒலிகள் வேறு இடத்தில் உள்ளன.

1980-களிலும் 1990-களிலும் ஒலிநாடாப் பெட்டி இல்லாத தெரு இந்த வட்டாரத்தில் அரிது. திரௌபதி அம்மன் கோயில்களின் அக்னி வசந்த விழாக்களில் இரவு முழுவதும் நடக்கும் பாரதக் கூத்தை, மேடையருகே ஒலிப்பதிவுப் பெட்டியை வைத்து எடுத்தவர்கள் உண்டு. முகவீணை, ஆர்மோனியம், மிருதங்கம், கூத்துக் கலைஞரின் குரல், நடுவே கூட்டத்தின் சிரிப்பு என எல்லாம் அதில் இருக்கும். ஆம்பூர், வாணியம்பாடி வீடுகளில் உருதுக் கவியரங்குகளின் பதிவுகள் இருக்கும். அரபு நாடுகளுக்கு வேலைக்குச் சென்ற கணவருக்கு மனைவி பேசி அனுப்பிய கடித ஒலிநாடா இருக்கும். நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி ஆகியவற்றைப் பாடத் தெரிந்த பாட்டியின் குரல் இருக்கும். இவற்றுக்கு வேறு பிரதி எங்கும் இல்லை.

இவற்றை மாற்றித் தரும்படி கடைக்குக் கொண்டுசெல்பவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஓர் எம்பி3 கோப்பு. அது காரில் ஒலிக்கிறது. வேலை முடிந்தது என்று எண்ணி ஒலிநாடாவைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடுகிறார்கள். பிறகு அந்த ஒரே பிரதி, வேலூர் வெயிலில் நிற்கும் காரில், ஒரு பென்டிரைவில் கிடக்கிறது. கோடையில் மூடிய காரின் உள்வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தொடக்கூடும். பென்டிரைவ் நீண்டகாலக் காப்புக்கு உருவாக்கப்பட்ட பொருளும் அன்று. காருக்குரிய பிரதியைக் காப்புப் பிரதியாகக் கருதியதன் விளைவு இது.

பழைய ஒலிநாடாவின் தரமே குறைவு. அதற்கு எதற்குப் பெரிய கோப்பு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இரைச்சலை நீக்கும், ஓட்ட வேகத்தைச் சரிசெய்யும், கலந்து ஒலிக்கும் குரலைப் பிரித்தெடுக்கும் மென்பொருள்கள் ஆண்டுதோறும் மேம்பட்டு வருகின்றன. அவை வேலை செய்வதற்கு, இரைச்சலோடு சேர்ந்துள்ள மெல்லிய ஒலிகளும் முழுமையாக வேண்டும். எம்பி3 முதலில் கைவிடுவதே அந்த மெல்லிய ஒலிகளைத்தான். இன்று ‘கேட்காது’ என்று நீக்கியதை, நாளைய கருவி கேட்கவைக்க முடியாது.

ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கம் இதற்குத் தெளிவான அளவுகோல் வகுத்திருக்கிறது. விநாடிக்கு 48,000 அளவீடுகளுக்குக் குறையாமல், 24 பிட் ஆழத்தில், சுருக்கப்படாத கோப்பாகச் சேமிக்க வேண்டும் என்பதே அது. அவ்வாறு சேமித்தால், 60 நிமிட ஒலிநாடா ஒன்றுக்கு ஏறத்தாழ 1 ஜிபி இடம் வேண்டும். 32 ஜிபி இடத்தில் முப்பது ஒலிநாடாக்கள் அடங்கும்; ஃபிளாக் வடிவில் வைத்தால் அதைவிடக் கூடுதலாகவே அடங்கும். கைப்பேசிக்கும் திரைப்படங்களுக்கும் நாம் ஒதுக்கும் இடத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. நன்கு இயங்கும் ஒலிநாடாப் பெட்டி, அதைக் கணினியோடு இணைக்கும் கம்பி, ஓர் இலவச ஒலிப்பதிவு மென்பொருள் ஆகியவை போதும். பதிவுக்கு முன் பெட்டியின் காந்த முனையைத் துடைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். எடுத்த கோப்பைக் குறைந்தது இரண்டு வெவ்வேறு சாதனங்களில் வைத்து, மூன்றாவதை வேறோர் ஊரில் உள்ள உறவினரிடம் கொடுத்துவைக்க வேண்டும். யார் பாடியது, எந்த ஊரில், எந்த ஆண்டில் என்பதைக் கோப்போடு எழுதிவைக்க வேண்டும். அதன் பிறகு அதிலிருந்து எம்பி3 எடுத்துக் காரில் தாராளமாகக் கேட்கலாம்.

காலம் நமக்குச் சாதகமாக இல்லை. யுனெஸ்கோவும் மேற்கண்ட சங்கமும் இணைந்து 2019-இல் உலகளவில் ஓர் எச்சரிக்கை விடுத்தன. நாடாக்கள் நலிவதற்கு முன்பே, அவற்றை இயக்கும் கருவிகளும் உதிரிப் பாகங்களும் கிடைக்காமல் போய்விடும். 2025-ஆம் ஆண்டு வாக்கில் பெருமளவிலான மாற்றும் பணி இயலாததாகிவிடலாம் என்பது அதன் சாரம். அந்த ஆண்டு வந்துவிட்டது. ஒலிநாடாப் பெட்டியைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள் நம் ஊர்களில் இன்னும் ஓரிருவர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் வயதாகிறது.

தனிமனிதர்கள் மட்டும் செய்து முடிக்கக்கூடிய பணி அன்று இது. தமிழ் இணையக் கல்விக்கழகம் பழைய நூல்களை மின்னுருவாக்கி இணையத்தில் வைத்திருப்பது நமக்குப் பழக்கமான முன்மாதிரி. ஒலிக்கும் அதுபோன்ற ஏற்பாடு ஊரளவில் வேண்டும். ஒவ்வொரு மாவட்ட மைய நூலகத்திலும் பழுதில்லாத ஒலிநாடாப் பெட்டி ஒன்றும், பதிவுக் கருவி ஒன்றும், பயிற்சி பெற்ற பணியாளர் ஒருவரும் இருந்தால், நெமிலியிலிருந்தோ பேரணாம்பட்டிலிருந்தோ ஒருவர் தம் ஒலிநாடாவோடு வந்து, முழுத்தரக் கோப்போடு திரும்பலாம். குடும்பத்தினர் இசைந்தால் ஒரு பிரதி நூலகத்திலேயே தங்கும். கூத்துக் கலைஞர்களின் பதிவுகளுக்கு அக்கலைஞர் குடும்பத்தின் ஒப்புதலைப் பெறுவது இதில் தவறக்கூடாத நெறி. ஒரு தொழிற்சாலைக்கு ஆகும் முதலீட்டின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது.

பனப்பாக்கம் போன்ற ஊர்களில் உருவாகும் கார்களில் நுட்பமான ஒலியமைப்புகள் வரும். இன்றைய வடிவங்கள் நாளை வழக்கொழியும். எம்பி3-இன் காப்புரிமைகளே 2017-இல் காலாவதியாகிவிட்டன. ஆகவே, காரில் எந்த எண்ணைத் தேர்வதென்று நெடுநேரம் குழம்ப வேண்டியதில்லை. 192-உம் சரி, 256-உம் சரி. அந்த நேரத்தில், வரும் ஞாயிற்றுக்கிழமை வீட்டு அலமாரியைத் திறந்து, பழைய ஒலிநாடாக்களின் மேல் யாருடைய பெயர் எழுதியிருக்கிறது என்று பார்க்கலாம். மாற்றி முடிக்கும் வரை அவற்றுள் ஒன்றையும் எறிந்துவிட வேண்டாம்.